யூரோப்பாவிலிருந்து வந்த சாம்பல் கீற்றுகள்

2022 செப்டம்பர் 29, வியாழக்கிழமை, மலேசிய நேரம் மாலை 5.36. நம் ஊரான நிபோங் திபாலில் வெயில் இன்னும் இறங்கவில்லை. அந்த நிமிடத்தில் ஜூனோ விண்கலம் வியாழனின் பனி நிலவான யூரோப்பாவுக்கு 352 கிலோமீட்டர் மேலே, நொடிக்கு 23.6 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோனது. அந்த நிலவை அவ்வளவு நெருக்கத்தில் கடைசியாகப் பார்த்த கலம் கலிலியோ. அது 2000 ஜனவரியில். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி ஒரு கேமரா அங்கே போயிருந்தது. அதில் பதிவான படம் ஒன்று நம் மடிக்கணினித் திரைவரை வந்து சேர்ந்த வழியைச் சொல்கிறேன்.

கேமராவின் பெயர் ஜூனோகேம். சான் டியேகோவில் உள்ள மாலின் நிறுவனம் செய்தது. வியாழனின் உள்ளமைப்பை அறியத்தான் ஜூனோ 2011 ஆகஸ்டில் புறப்பட்டது. அந்த ஆய்வுக்கு இந்தக் கேமரா கட்டாயத் தேவை அல்ல. பொதுமக்களும் இந்தப் பயணத்தில் பங்கெடுக்க வேண்டும் என்பதற்காகவே வைத்து அனுப்பினார்கள். படங்களைச் செப்பனிடத் தனியாகப் பெரிய குழு கிடையாது. வந்தது வந்தபடியே பொதுவில் வைத்துவிடுவார்கள், விரும்பியவர்கள் எடுத்து வேலை செய்யலாம். விண்வெளி ஆய்வில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் ஒன்று இது என்பேன்.

ஜூனோ நிமிடத்துக்கு இரண்டு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டே போகும் கலம். சுழலும் கலத்திலிருந்து நம் கைப்பேசி எடுப்பதுபோல் ஒரே சொடுக்கில் முழுப்படம் எடுக்க முடியாது. அதனால் கேமரா கீற்றுக் கீற்றாக எடுக்கிறது. ஒரு கீற்று 1648 பிக்சல் அகலம், 128 பிக்சல் உயரம். உணரியின் மேல் சிவப்பு, பச்சை, நீலம், மீத்தேன் என்று நான்கு வடிகட்டிப் பட்டைகள். கலம் சுழலச் சுழல நிலவின் ஒரே இடம் ஒவ்வொரு வடிகட்டியின் முன்னும் சற்று முன்பின்னாக வந்துபோகும்.

மூலக் கோப்பைத் திறந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நிறமே இல்லை. மேலிருந்து கீழாகச் சாம்பல் பட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் வெறும் கறுப்பு. நடுவில் எங்கோ ஒரு வளைந்த விளிம்பு தொடங்கி, பட்டை முடியும் இடத்தில் அறுந்து, அடுத்த பட்டையில் கொஞ்சம் தள்ளி மறுபடி தலைகாட்டும். உற்றுப் பார்த்தால் அதே விரிசல் கோடு மூன்று பட்டைகளில் வெவ்வேறு உயரத்தில் தெரியும். சிவப்பில் ஒரு முறை, பச்சையில் ஒரு முறை, நீலத்தில் ஒரு முறை. ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். அவை நட்சத்திரங்கள் அல்ல, வியாழனின் கடும் கதிர்வீச்சு உணரியைத் தாக்கிய தடங்கள்.

இந்தக் கீற்றுகள் வானொலி அலையாகப் பூமிக்கு வந்தன. அந்த வாரம் வியாழன் 59 ஆண்டுகளில் இல்லாத அளவு பூமிக்கு அருகில் இருந்தது. அருகில் என்றாலும் சுமார் 59 கோடி கிலோமீட்டர். ஒளி வேகத்தில் வந்தும் 33 நிமிடம் பிடித்தது. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் உள்ள பெரிய ஆண்டெனாக்கள்தாம் இப்படிப்பட்ட கலங்களின் குரலைக் கேட்கின்றன. நமக்கோ கலம் நிலவைக் கடந்த நேரத்தில் வியாழன் உதிக்கவேயில்லை. சூரியன் மறையும் வேளையில்தான் அது கிழக்கே எழுந்திருக்கும், அதுவும் மழை மேகம் விட்டால்.

தரையில் வந்து சேர்ந்த பிறகுதான் படத்துக்கு உண்மையான பிறப்பு. இங்கே ஆர்வலர்களின் வேலை தொடங்குகிறது. முதலில், அனுப்ப வசதியாகச் சுருக்கப்பட்ட ஒளி அளவுகளைப் பழைய அளவுக்கு விரிக்க வேண்டும். பிறகு கதிர்வீச்சுப் புள்ளிகளை நீக்க வேண்டும். அடுத்ததுதான் கடினம். ஒரு கீற்றுக்கும் அடுத்த கீற்றுக்கும் இடையே ஒரு நொடிகூட ஆகாது, ஆனால் அதற்குள் கலம் பல கிலோமீட்டர் தாண்டிவிடும். எனவே கீற்றுகளை அப்படியே ஒட்டினால் விளிம்புகள் பொருந்தாது. ஒவ்வொரு கீற்றும் எடுக்கப்பட்ட கணத்தில் கலம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, நிலவு எங்கே இருந்தது என்று நாசா வெளியிடும் வழிசெலுத்தல் தரவிலிருந்து கணக்கிட்டு, கீற்றை ஒரு கோளத்தின் மேல் போர்த்த வேண்டும். மூன்று நிறத்துக்கும் இப்படிச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் யூரோப்பா நிறத்தோடு முகம் காட்டும்.

ஐஸ்லாந்தின் பியோர்ன் யோன்சன், ஜெர்மனியின் கணிதவியலாளர் கெரால்ட் ஐக்‌ஷ்டெட் போன்றவர்கள் இந்தக் கணக்குகளுக்குத் தாங்களே நிரல் எழுதிக்கொண்டவர்கள். சம்பளத்துக்கு அல்ல, ஆசைக்கு. யூரோப்பா படங்கள் வெளியான சில நாள்களில் நாசா தேர்ந்தெடுத்துக் காட்டிய ஆர்வலர் படங்களில் ஒன்றுக்கு உரியவர் நவநீத் கிருஷ்ணன். சுமார் 1,500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த கீற்றுகள் அவை. ஒரு பிக்சல் என்பது அங்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நிற வேறுபாட்டை அவர் கூட்டியதும், இரவும் பகலும் சந்திக்கும் எல்லையருகே பள்ளங்களின் நிழல்கள் எழும்பித் தெரிந்தன. வேறொருவரான பெர்னாண்டோ கார்சியா நவாரோ அதே நிலவை இலையுதிர்கால வண்ணங்களில் தீட்டினார்.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. எது உண்மையான யூரோப்பா? கண்ணால் பார்த்தால் அது வெளிறிய, பழுப்புக் கோடு ஓடிய உருண்டை. நிறத்தைக் கூட்டிய படம் பொய்யா? இல்லை, கூட்டியதை ஒளிக்காமல் சொன்னால் அது பொய் ஆகாது. ஆனால் கூர்மையைக் கூட்டும்போது மென்பொருளே புதிதாகக் கோடு போட்டுவிடக்கூடும், அதைப் பனிவிரிசல் என்று நம்பிவிடும் ஆபத்து உண்டு. எனக்குப் பிடித்தவை கை அடக்கத்தோடு செய்த படங்கள்தாம்.

அந்த அடக்கத்துக்குப் பலன் இருக்கிறது. யூரோப்பாவில் குவெர்ன் என்று பெயரிட்ட 21 கிலோமீட்டர் அகலப் பள்ளம் ஒன்று இருந்தது, விண்கல் மோதி உண்டானது என்று எண்ணியிருந்தார்கள். ஜூனோகேம் படங்களைப் பார்த்தபோது அது பள்ளமே அல்ல என்று தெரிந்தது. மேடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விழுந்த நிழல் நீள்வட்டமாகத் தோன்றியிருந்தது. ஜூனோகேமை வழிநடத்தும் கேண்டிஸ் ஹேன்சன் 2024இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் பியோர்ன் யோன்சன் பெயரும் உண்டு. கடல் ஒளிந்திருப்பதாகக் கருதப்படும் ஓர் உலகத்தின் வரைபடத்தைத் திருத்தும் வேலையில் ஓர் ஆர்வலரின் பெயர் விஞ்ஞானிகளோடு சேர்ந்து நிற்கிறது.

நம்மவர்க்கு இது எட்டாத காரியம் என்று நினைப்பவர்கள் சண்முக சுப்பிரமணியனை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சென்னையில் பணிபுரிந்த இயந்திரப் பொறியாளர். 2019 செப்டம்பரில் சந்திரயான் 2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதித் தொடர்பு அறுந்தது. நாசாவின் சுற்றுக்கலம் அந்த இடத்தை எடுத்த படங்கள் பொதுவில் வந்தன. அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துத் தேடி, முன்பு இல்லாத ஒரே ஒரு வெளிச்சப் பிக்சலைக் கண்டுபிடித்தார். மோதிய இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டரில் கிடந்த சிதைவு அது. டிசம்பரில் நாசா உறுதிப்படுத்தி, அவர் பெயரையும் சேர்த்து அறிவித்தது. அவரிடம் தொலைநோக்கி இருந்ததா என்பது அங்கே பொருட்டே அல்ல.

நிபோங் திபாலுக்கு அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கு பொருந்தும் என்கிறேன். நம் ஊர் கரும்புத் தோட்டமும் ரப்பர் தோட்டமும் வளர்த்த ஊர். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல தொலைநோக்கி வாங்கித் தருவது எளிதல்ல. வாங்கினாலும் செப்டம்பர், அக்டோபரில் வானம் விடாது, சாலை விளக்குகளும் விடா. கீற்றுப் படத்துக்கோ தெளிந்த வானம் வேண்டாம். ஒரு சாதாரணக் கணினி, இலவசப் பட மென்பொருள், கொஞ்சம் கணிதம், நிறையப் பொறுமை போதும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் விண்வெளிப் பொறியியல் துறையோடு இதே ஊரில்தான் இருக்கிறது. நினைவகச் சில்லுகளைச் செய்யும் ஆலைகள் பத்து காவானில் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கோப்பைத் திறந்து காட்டும் ஒருவர்.

இதற்கு மேலும் படங்கள் வரப்போகின்றன. 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனை அடைந்து, அந்த நிலவை 49 முறை நெருங்கிக் கடக்கத் திட்டமிட்டிருக்கிறது. இன்று முதலாம் படிவத்தில் இருக்கும் மாணவர் அப்போது கல்லூரி வாசலில் நிற்பார். ஆசிரியர்களே, பெற்றோர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். ஜூனோகேமின் யூரோப்பா கீற்றுகள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு கோப்பை இறக்கி, மூன்று நிறத்தையும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.