பெயர் இல்லாத ஆட்டத் தாள்

கால்பந்து பார்க்கும் பிள்ளைகளுக்காக ஒரு பழைய வரலாறு.

1957-58. மான்செஸ்டர் யுனைடெட் இங்கிலாந்து லீக்கை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றிருந்த அணி. ஐரோப்பியக் கோப்பை வேண்டாம் என்று லீக் நிர்வாகம் 1956இலேயே சொல்லியும் மேலாளர் மாட் பஸ்பி கேட்கவில்லை. புதன்கிழமை வெளிநாட்டில் ஆடினாலும் சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

1958 பிப்ரவரி 5, பெல்கிரேடில் 3-3 என டிரா செய்து அரையிறுதிக்குத் தகுதி பெற்றார்கள். மறுநாள், எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய விமானம், ஓடுபாதையின் பனிச்சேற்றில் மூன்றாவது முயற்சியிலும் மேலெழாமல் மோதி நொறுங்கியது. இறந்தவர்கள் 23 பேர்; அதில் 8 பேர் அணியின் ஆட்டக்காரர்கள்.

13 நாள் கழித்து ஷெஃபீல்டு வென்ஸ்டேயுடன் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். யார் ஆடுவார்கள் என்று தெரியாததால், ஆட்டத் தாளில் யுனைடெட்டின் 11 இடங்களும் வெறுமையாகவே அச்சாயின. விபத்தில் தப்பிய கிரெக், ஃபோக்ஸ் இருவரும் இறங்கினார்கள். துணை மேலாளர் ஜிம்மி மர்ஃபி திரட்டிய அணி 3-0 என வென்றது. இறுதியாட்டம் வரை போய் போல்டனிடம் 0-2 எனத் தோற்றது. ஐரோப்பிய அரையிறுதியில் மிலானிடம் தோல்வி. லீக்கில் 9ஆம் இடம்.

கோப்பை எதுவும் கிடைக்காத ஆண்டு. ஆனால் தினமும் வருகைப் பதிவேட்டில் பெயர் படித்தே பழகிய எனக்கு, அந்த வெற்று இடங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

1968இல் பஸ்பியின் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, மியூனிக்கில் பிழைத்த ஃபோக்ஸும் பாபி சார்ல்டனும் களத்தில் இருந்தார்கள்.