கம்யூனிட்டி ரோயிங், பாஸ்டன்

கம்யூனிட்டி ரோயிங் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரின் பிரைட்டன் பகுதியில், சார்லஸ் ஆற்றங்கரையில் இயங்கும் லாப நோக்கற்ற துடுப்புப் படகுக் கழகம். 1985-இல் தொடங்கப்பட்டது. பள்ளிச் சிறுவர் முதல் ஓய்வுபெற்ற முதியவர் வரை எவரும் இங்கே சேர்ந்து துடுப்பு வலிக்கக் கற்கலாம். முன் அனுபவமோ சொந்தப் படகோ தேவையில்லை. பொதுமக்களுக்கான படகோட்டக் கழகங்களில் அமெரிக்காவிலேயே பெரியதாக இது அறியப்படுகிறது.

பின்னணி

சார்லஸ் ஆற்றில் படகோட்டத்துக்கு நீண்ட மரபு உண்டு. பாஸ்டனின் யூனியன் போட் கிளப் 1851-இல் தோன்றியது. அடுத்த ஆண்டே ஹார்வர்டு, யேல் மாணவர்கள் நியூ ஹாம்ப்ஷயரின் ஏரி ஒன்றில் மோதினார்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி அதுதான். 1910-இல் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டி முடிக்கப்பட்டதும், கடல் ஏற்ற இறக்கம் தொடாத அமைதியான நீர்ப்பரப்பு படகோட்டிகளுக்குக் கிடைத்தது.

ஆறு எல்லாருக்கும் பொது. ஆனால் கரையில் நின்ற படகு இல்லங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கும் தனியார் கழகங்களுக்கும் உரியவை. எட்டுப் பேர் வலிக்கும் பந்தயப் படகு சுமார் 18 மீட்டர் நீளம்; வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளல்ல. படகு, அதை நிறுத்தக் கொட்டகை, தண்ணீரில் இறங்கப் படகுத்துறை, சொல்லித்தரப் பயிற்சியாளர் ஆகிய நான்கும் ஒருசேர அமைந்தால்தான் துடுப்பைத் தொடவே முடியும். சாதாரண மக்களைத் தடுத்து நிறுத்தியது திறமைக் குறைவு அல்ல, இந்த நான்கும் கைக்கு எட்டாமல் இருந்ததுதான். அவற்றைப் பொதுவில் வைத்ததே இக்கழகத்தின் பெரும் பங்களிப்பு.

படகு இல்லம்

இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கழகத்துக்குச் சொந்தப் படகு இல்லம் இருக்கவில்லை. நொனாண்டம் சாலையில் இருந்த அரசுப் பனிச்சறுக்கு அரங்கிலிருந்தே அது இயங்கியது. 2008-இல் அதே சாலையில் ஹாரி பார்க்கர் படகு இல்லம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் அன்மாஹியன் விண்டன் கட்டடக் கலைஞர்கள். பெரிய படகுகளுக்கான பிரதானக் கட்டடத்தின் சுவர்ப் பலகைகளைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து ஈரப் படகுகளை உலர்த்தும். சிறு படகுகளுக்கான தனி மண்டபத்துக்குக் கண்ணாடிச் சுவர். சாலையில் போகிறவர்களுக்கே உள்ளே அடுக்கியிருக்கும் படகுகள் தெரியும். தனியார் கழகங்கள் நிறைந்த ஆற்றங்கரையில் இந்தத் திறந்த தோற்றம் மிகப் பொருத்தமானது.

கட்டடம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த ஹாரி பார்க்கர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகுப் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றவர். 1963 முதல் 2013-இல் மறையும் வரை ஹார்வர்டு அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

பயிற்சி

புதியவர் முதலில் கற்பது படகைத் தூக்குவது. எட்டுப் பேர் படகு குறைந்தது 96 கிலோ எடை இருக்கும். காக்ஸ் என்னும் சுக்கான்காரர் குரல் கொடுக்க, எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் உயர்த்தி, தோளில் இறக்கி, துறை விளிம்புக்கு நடந்து, மெல்லத் தண்ணீரில் வைக்கிறார்கள். ஒருவர் முந்தினாலும் பாரம் அடுத்தவர் மேல் சாயும்.

தண்ணீரில் இறங்கியதும் துடுப்பைக் கையால் இழுக்கத் தோன்றும். உண்மையில் வலுவில் பெரும்பங்கு காலிலிருந்து வருகிறது: பாதத்தால் பலகையை உந்த, சக்கர இருக்கை பின்னோக்கி நகரும், பிறகு முதுகு சாயும், கை கடைசியில் மடங்கும். வலிப்பவர்கள் படகு போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதால், வழி பார்ப்பது காக்ஸின் பொறுப்பு. பயிற்சியாளர் மோட்டார் படகில் கூடவே வந்து திருத்துவார். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் பயிற்சி அறைக்குள் இருக்கும் ரோயிங் இயந்திரங்களுக்கு மாறும்.

யார் யார்?

கழகத்தில் பள்ளி மாணவர் அணிகள், பெரியவர்களுக்கான தொடக்க வகுப்புகள், மூத்தோர் போட்டி அணிகள் எனப் பல பிரிவுகள். உலக அளவில் மூத்தோர் பிரிவு 27 வயதிலேயே தொடங்குகிறது. வயது கூடக்கூடத் தனித்தனி வகுப்புகள் இருப்பதால் நாற்பதில் துடுப்பைப் பிடித்தவரும் போட்டியில் இறங்கலாம். ‘ரோ பாஸ்டன்’ திட்டம் நகரின் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கி, பின்னர் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. முன்னாள் படைவீரர்களுக்கும் தனிப் பயிற்சி உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கான படகோட்டம் 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. தோளும் கையும் மட்டும் இயங்குபவருக்கு நகராத இருக்கை, மார்புப் பட்டை, படகு கவிழாமலிருக்கப் பக்க மிதவைகள் எனக் கருவியே மாற்றி அமைக்கப்படும். கழகம் இத்தகைய படகோட்டிகளுக்கும் பயிற்சி தருகிறது.

ஆறும் போட்டியும்

ஒரு காலத்தில் சார்லஸ் ஆறு கழிவுக்குப் பேர்போனது. 1995-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதன் தண்ணீருக்கு ‘டி’ தரம் கொடுத்தது. கழிவுநீர்க் கலப்பைக் கட்டுப்படுத்திய பிறகு பல ஆண்டுகளில் ‘பி’ தரம் கிடைத்தது.

1965-இல் தொடங்கிய ‘ஹெட் ஆஃப் தி சார்லஸ்’ பந்தயம் ஒவ்வோர் அக்டோபரிலும் இங்கே நடக்கிறது. தூரம் சுமார் 4.8 கிலோமீட்டர். படகுகள் இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். நேரத்தை வைத்தே வெற்றி. பல்கலைக்கழக அணிகளும் ஒலிம்பிக் வீரர்களும் இறங்கும் அதே நீரில் கம்யூனிட்டி ரோயிங்கின் இளையோரும் மூத்தோரும் தத்தம் பிரிவுகளில் போட்டியிடுகிறார்கள்.