வாளியும் துளையும்: ஓட்டமாவடிப் பிள்ளைகளுக்குக் காலநிலை படிப்பித்தல்

"சேர், கடல் திரும்பவும் வருமா?"

ஓட்டமாவடியில் வாவிக்கரையை அண்டிய வீடொன்றில் நான் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. 2004 டிசம்பர் 26இல் அவள் பிறந்திருக்கவில்லை. உம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள்.

போரும் சுனாமியும் கண்ட எமது மண்ணில், காலநிலை பற்றிப் பேசினால் பிள்ளைகளுக்கு முதலில் வருவது அச்சம். எனவே, எது எதனால் வந்தது என்று பிரித்துக் காட்டுவதே முதற் பாடம். சுனாமிக்குக் காரணம் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம். காலநிலை மாற்றம் அல்ல. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி ஒரு வானிலை நிகழ்வு. வானிலையின் நீண்டகாலப் போக்கே காலநிலை. வழக்கமாக அதனை 30 ஆண்டுகளை வைத்துக் கணிப்பர்.

அடுத்தது மாதிரி. அடியில் துளையிட்ட வாளி, குழாய்நீர், சிறிது களிமண் போதும். குழாயைச் சீராகத் திறந்தால் நீர்மட்டம் ஓரளவு ஏறி நின்றுவிடும். வரவும் செலவும் சமன். குழாய்நீர் சூரிய ஒளி, வெளியேறும் நீர் பூமி விண்வெளிக்கு அனுப்பும் வெப்பம், நீர்மட்டம் வெப்பநிலை. துளையில் ஒரு பகுதியைக் களிமண்ணால் அடைத்தால் மட்டம் ஏறும். ஏற ஏற அழுத்தம் கூடி, சிறிய துளையாலும் முன்னைய அளவு நீர் வெளியேறும். சமநிலை திரும்பிவிடும், ஆனால் மட்டம் முன்னையதிலும் உயரம்.

அந்தக் களிமண்தான் நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்றவை. இவை இல்லாவிடில் பூமியின் சராசரி வெப்பநிலை −18 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். இருப்பதால் ஏறத்தாழ 15. ஆகவே களிமண் எதிரியல்ல, அளவு கூடுவதே பிரச்சினை. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

போத்தலில் அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து விளக்கொளியில் சூடாக்கும் பரிசோதனையை நான் தவிர்க்கிறேன். அதில் பாரமான வாயு வளியோட்டத்தைத் தடுப்பதாலும் வெப்பம் கூடுகிறது. முடிவு சரிபோலத் தெரியும், விளக்கம் பிழைத்துவிடும்.

கடல்மட்டத்துக்கு இரண்டு கோப்பைகள். ஒன்றில் மிதக்கும் ஐஸ், மற்றையதில் நீருக்கு மேலே நிற்கும் கல்லின் மீது ஐஸ். உருகியதும் இரண்டாவதில்தான் மட்டம் ஏறும். கிரீன்லாந்து, அந்தாட்டிக்கா நிலப்பனி உருகுவதும், சூடேறிய கடல்நீர் விரிவதும் கடலை உயர்த்துகின்றன. 1900இன் பின் உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. வாழைச்சேனை வாவி கடலோடு இணைந்தது. கடல் ஏறினால் மாரியில் வெள்ளம் வடியத் தாமதமாகும். கோடையில் உவர்நீர் கிணறுகளை நெருங்கும்.

மாணவிக்கு நான் சொன்ன பதில் இது: "சுனாமி வரும் நாளை எவராலும் முற்கூட்டிச் சொல்ல முடியாது, அதற்கு ஓடும் பாதை தெரிந்திருக்க வேண்டும் மகள். காலநிலையால் ஏறும் கடல் மெல்ல ஏறுகிறது. அதை அளக்கலாம், தயாராகலாம்."

இடம்பெயர்வில் காணி உறுதியையும் பிறப்புச்சான்றிதழையும் தொலைத்தவர்களுக்குப் பதிவின் பெறுமதி தெரியும். இப்போது பிள்ளைகள் போத்தலில் செய்த மழைமானியைத் தினமும் பார்த்துக் கொப்பியில் குறிக்கிறார்கள். முதற் பக்கம் அந்த மாணவியின் கையெழுத்து.