பசறை வீதியில் ஒரு பல்கலைக்கழகம்: அதை ஆள்வது யார், ஆய்வுக்குப் பணம் தருவது யார்?

பதுளையிலிருந்து பசறைக்கு வரும் வீதியில்தான் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டு அது உருவாக்கப்பட்டது. தேயிலை உட்பட நாட்டின் வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதே அதன் நோக்கம் என்று அப்போது சொல்லப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பும் அங்கு உண்டு. ஆனால், அந்த வளாகத்தைச் சுற்றியுள்ள மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வரும் எங்கள் மக்களில் பெரும்பாலானோருக்கு அது வழியில் தெரியும் ஒரு கட்டடம் மட்டுமே.

பசறைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளின் உயர்தர மாணவர்களோடு பேசும்போது, என்னிடம் அதிகம் கேட்கப்படுவது "இந்த முறை வெட்டுப்புள்ளி எவ்வளவு?" என்பதுதான். அந்த வெட்டுப்புள்ளியை முடிவு செய்யும் அமைப்பு எது, துணைவேந்தரை நியமிப்பது யார், எந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்விகள் எழுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளுக்கானது. யாழ்ப்பாணம், கிழக்கு, வவுனியா பல்கலைக்கழகங்களும் இதே சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. 1977 ஆம், 1983 ஆம் ஆண்டு வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்ப் போரிலும் சிக்கிய குடும்பங்களுக்கு இரண்டு பக்கக் கதையும் சொந்தக் கதைதான்.

சட்டம் சொல்வது என்ன?

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தனிக் கட்டளைச் சட்டம் ஒன்றின் கீழ் தொடங்கப்பட்டது. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். அன்று அது பெருமளவு சுயாட்சி கொண்ட நிறுவனம். 1966 ஆம் ஆண்டுச் சட்டமும் 1972 ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தச் சுயாட்சியைப் படிப்படியாகக் குறைத்தன. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக மாற்றியது. யாழ்ப்பாணம் 1974 இல் அப்படியொரு வளாகமாகத்தான் ஆரம்பமானது.

இன்று நடைமுறையில் இருப்பது 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். இது பல தடவைகள் திருத்தப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக அதை மறுபடி வாசித்தேன். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்வதானால்:

• பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு: இதன் உறுப்பினர்களை ஜனாதிபதி நியமிக்கிறார். பாராளுமன்றம் ஒதுக்கும் பணத்தைப் பல்கலைக்கழகங்களுக்குப் பங்கிடுவது, மாணவர் அனுமதி, கல்வித் தரம், நிர்வாக ஒழுங்குகள் எல்லாம் இதன் பொறுப்பு.

• வேந்தர்: ஜனாதிபதியின் நியமனம். பெரும்பாலும் பட்டமளிப்பு விழாவில் மட்டும் நாம் காணும் பதவி.

• துணைவேந்தர்: உண்மையான நிர்வாகத் தலைவர். பல்கலைக்கழகப் பேரவை மூன்று பெயர்களைச் சிபாரிசு செய்யும். ஆணைக்குழுவின் பரிந்துரையோடு அவர்களில் ஒருவரை ஜனாதிபதி நியமிப்பார். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள்.

• பேரவை: நிதி, நியமனம், சொத்து போன்றவற்றை முடிவு செய்யும் ஆளும் சபை.

• மூதவை: பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் போன்ற கல்வி விடயங்களுக்கானது.

இவற்றில் நாம் கவனிக்க வேண்டியது பேரவை. துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவை தெரிவுசெய்யும் இருவர் ஆகியோர் உள்ளே இருந்து வருவார்கள். இவர்களின் எண்ணிக்கையைவிட ஒருவர் கூடுதலாக வெளியாட்களை ஆணைக்குழு நியமிக்க வேண்டும் என்கிறது சட்டம். உள்ளே இருந்து 8 பேர் என்றால் வெளியிலிருந்து 9 பேர். ஆக, பேரவையில் பெரும்பான்மை எப்போதும் வெளியாட்களுக்கே. கல்வி, தொழில், வணிகம், விஞ்ஞானம், நிர்வாகம் போன்ற துறைகளில் சேவை செய்தவர்கள் இதற்குத் தகுதியானவர்கள்.

பல்கலைக்கழகம் அறிஞர்களின் தனி உலகமாகிவிடக் கூடாது, சமூகத்தின் குரலும் அங்கே கேட்க வேண்டும் என்பதற்கே இப்படியொரு ஏற்பாடு. நடைமுறையில் அரசியல் தொடர்பு பார்த்து நியமனம் நடக்கிறது என்பது விரிவுரையாளர் சங்கங்களின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. தேயிலையை ஒரு அடையாளமாகவே கொண்ட பல்கலைக்கழகத்தின் பேரவையில் தோட்டச் சமூகத்திலிருந்து ஒருவராவது இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இருக்கக் கூடாது என்றும் அது சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் நடந்தது

இந்த அதிகாரச் சங்கிலி தாளில் மட்டும் இருப்பதல்ல என்பதை யாழ். பல்கலைக்கழகம் இரண்டு தடவை காட்டியது. 2019 இல் அப்போதைய துணைவேந்தர் பேராசிரியர் விக்னேஸ்வரனை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பதவி நீக்கினார். பல்கலைக்கழகம் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரின் கீழ் வந்தது. அடுத்த துணைவேந்தர் நியமிக்கப்பட்டது 2020 ஆகஸ்டில்.

பின்னர் 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு, வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடித்து அகற்றப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11 ஆம் திகதி அதிகாலை துணைவேந்தரே வந்து மீண்டும் அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு ஏப்ரலில் புதிய தூபி திறக்கப்பட்டது.

வளாகத்துக்குள் ஒரு கல் இருக்கலாமா, கூடாதா என்ற முடிவைக்கூட அந்தப் பல்கலைக்கழகம் தனியே எடுக்க முடிந்ததா என்று அன்று பலர் கேட்டார்கள். நியமனமும் பணமும் மேலிருந்து வரும் இடத்தில், எழுத்தில் உத்தரவு வராவிட்டாலும் அழுத்தம் வந்து சேரும். அந்த முடிவை மூன்று நாளில் மாற்ற வைத்தது மாணவர்களும் மக்களும் கொடுத்த அழுத்தம்.

பணம் வரும் வழி

அரச பல்கலைக்கழகங்களில் முதற்பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. ஆகவே செலவின் பெரும்பகுதி திறைசேரியிலிருந்து வர வேண்டும். பாராளுமன்றம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கும் தொகையை ஆணைக்குழு பங்கிடுகிறது. இது இரண்டு வகை: சம்பளம், மின்சாரம், பராமரிப்பு போன்ற மீண்டெழும் செலவு, கட்டடம், கருவி போன்ற மூலதனச் செலவு. முதலாவது வகையை வெட்டுவது கடினம். நெருக்கடி வந்தால் இரண்டாவதில்தான் கை வைப்பார்கள். ஆய்வுகூடக் கருவிகள் இந்த இரண்டாவது வகையில் வருவதால், ஆய்வும் அதோடு சேர்ந்து நிற்கும்.

2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மூன்று மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்ற கோஷம் தோட்டப் பகுதிகள் வரை கேட்டது. அந்த இலக்கு இன்றும் எட்டப்படவில்லை.

ஆய்வு: யாருடைய கேள்வி?

விரிவுரையாளர் ஒருவர் ஆய்வு செய்ய விரும்பினால் சில வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, பல்கலைக்கழகமே வழங்கும் சிறு தொகைகள். அடுத்து, 1994 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் தேசிய விஞ்ஞான மன்றம். பிறகு தேசிய ஆராய்ச்சிப் பேரவை. விவசாயம் என்றால் 1987 இல் சட்டமாக்கப்பட்ட கமத்தொழில் ஆராய்ச்சிக் கொள்கைப் பேரவை. இவற்றுக்கு வெளியே வெளிநாட்டுப் பணம்: 2017 இல் உலக வங்கி உயர்கல்விக்கு அனுமதித்த 100 மில்லியன் டொலர் திட்டத்தில் ஆய்வுக் கொடைகளும் அடங்கின.

வாசல்கள் பல, உள்ளே இருப்பதோ கொஞ்சம். அரசும் தனியாரும் சேர்ந்து ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 வீதத்தை ஒட்டியே நீண்ட காலமாக இருந்து வருகிறது. ஆயிரம் ரூபாயில் ஏறத்தாழ ஒரு ரூபாய். இந்தியாவில் இந்த விகிதம் பல மடங்கு அதிகம்.

பணம் கொடுப்பவரின் கேள்விதான் முதலில் ஆராயப்படும் என்பதற்குப் பசறையிலேயே ஓர் உதாரணம் உண்டு. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாப் பிராந்திய நிலையம் இங்கேதான் இருக்கிறது. அந்த நிறுவனம் பல்கலைக்கழகம் அல்ல. 1925 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் உருவாகி, ஏற்றுமதித் தேயிலையில் அறவிடும் வரியால் வளர்ந்தது. 1946 இல் கொப்புள நோய் இலங்கைக்குள் வந்தபோது தேயிலையைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நாம் "வீ.பீ. தேயிலை" என்று சொல்லும் கன்றுகள் அதன் உழைப்பு. விளைச்சல், நோய், உரம் என்று தொழிலுக்குத் தேவையான கேள்விகளுக்கு அங்கே நிலையான பணம் இருந்தது.

அந்த வரியின் அடியில் இருப்பது எங்கள் பெண்கள் பறித்த கொழுந்து. ஆனால், நாள் முழுக்கச் சரிவில் நிற்கும் அவர்களின் முதுகுவலி, மருந்தடிப்பவரின் சுவாசம், லயன் காம்பராவின் ஈரம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு அப்படியொரு நிலையான நிதி கிடையாது. அவற்றை எடுத்துப் படிக்கக்கூடிய இடம் பல்கலைக்கழகம்தான். அதனால்தான் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பணம் எங்கள் விடயம் என்கிறேன்.

ஆய்வு செய்வது மட்டும் போதாது என்பதையும் இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது. அதை வீடாகவும் காணியாகவும் மாற்றும் பொறுப்பு நிறுவனங்களுக்கு இடையில் தொலைந்து போனது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அலுமாரிக்குள் போகும் அறிக்கை மலைக்கு வந்து சேராது.

மாவட்டக் கோட்டாவுக்குள் தோட்டம்

1970களின் தரப்படுத்தல் எங்கள் அரசியலையே மாற்றியது என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்றைய முறையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீடு. பதுளை அந்த 16 இல் ஒன்று. யாழ்ப்பாணமும் வன்னி மாவட்டங்களும் அதிலுண்டு.

சிக்கல் இதுதான்: பதுளை மாவட்டத்தின் இடங்களைக் கணக்கிடும்போது தோட்ட மக்களின் தலைகளும் எண்ணப்படுகின்றன. அந்த இடங்களுக்குப் போட்டியிடும்போது, விஞ்ஞான ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் நகரத்துத் தேசியப் பாடசாலைப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மாவட்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை இந்த முறை பார்ப்பதில்லை. மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற நீண்டகாலக் கோரிக்கைக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. ஆனால், புதிய கட்டடம் வந்தாலும் பேரவை நியமனமும் ஆய்வுப் பணமும் இதே வழியில் வந்தால் எவ்வளவு மாறும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நாம் என்ன கேட்கலாம்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச பல்கலைக்கழகமும் மானியங்கள் ஆணைக்குழுவும் பொது அதிகார சபைகள். எந்தப் பிரஜையும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தர முடியுமா, இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

எழுதிக் கேட்கக்கூடியவை சில:

1. தற்போதைய பேரவையில் ஆணைக்குழு நியமித்த உறுப்பினர்கள் யார்? எந்தத் துறையினர்?

2. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆய்வுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு?

3. தோட்டங்களில் நடந்த ஆய்வுகளின் தலைப்புகள் என்ன? அவற்றின் சுருக்கம் தமிழில் உண்டா?

4. பதுளை மாவட்டத்திலிருந்து அனுமதி பெற்ற தமிழ்மொழிமூல மாணவர்கள் எத்தனை பேர்?

தோட்ட இளைஞர் கழகமோ, பாடசாலைப் பழைய மாணவர் சங்கமோ, கோயில் சபையோ இதைச் செய்யலாம். பதில் கைக்கு வந்தால், பேரவைக்குத் தகுதியான எங்கள் ஓய்வுபெற்ற அதிபர்கள், வைத்தியர்கள், தொழிற்சங்கத்தவர்கள் ஆகியோரின் பெயர்களை ஆணைக்குழுவுக்கு எழுதி அனுப்பலாம். அனுப்புவதாலேயே நியமனம் கிடைத்துவிடாது. ஆனால், தகுதியானவர்கள் அந்தப் பகுதியில் இல்லை என்று அதன் பிறகு எவரும் சொல்ல முடியாது.