எஸ்.பி.எம். முடித்து பைலட் ஆகணுமா? லைசன்ஸுக்கும் வேலைக்கும் நடுவில் இருப்பது என்ன?

நெகிரி செம்பிலானில் பயணிகள் விமான நிலையம் இல்லை. ஆனாலும் அம்பாங்கானிலிருந்து கே.எல்.ஐ.ஏ.வுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்த குடும்பங்களில், "நான் பைலட் ஆகப் போறேன்" என்று சொல்லும் பிள்ளைகள் இன்று நிறையவே உண்டு. பெற்றோர் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: எவ்வளவு செலவாகும்? முடித்ததும் வேலை கிடைக்குமா?

இந்த இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில், "உடனே கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை" என்பதே. அதனால்தான் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம்.

வட்டார விமான நிறுவனம் என்றால் என்ன?

குறைந்த தூரத்துக்கு, சிறிய விமானங்களை ஓட்டும் நிறுவனம். 2007-இல் தொடங்கிய ஃபயர்ஃபிளை, சுபாங்கிலிருந்து ஏ.டி.ஆர். 72 விமானங்களை இயக்குகிறது. இவை சுமார் 70 பேர் அமரக்கூடிய, இரண்டு புரொப்பல்லர் கொண்ட விமானங்கள். சபா, சரவாக்கில் மாஸ்விங்ஸும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. அதை வாங்க சரவாக் அரசாங்கம் 2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தது. அதன் புதிய பெயர் ஏர்போர்னியோ. பாரியோ போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு 19 இருக்கை கொண்ட டுவின் ஆட்டர் விமானமும் போகிறது.

'சூரரைப் போற்று' பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கதைக்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான், 2003-இல் ஏ.டி.ஆர். வகை விமானத்தோடுதான் தொடங்கியது.

முதல் வேலை: மருத்துவப் பரிசோதனை

கட்டணம் கட்டுவதற்கு முன், லோன் எழுதுவதற்கு முன், 'கிளாஸ் 1' மருத்துவச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், அதாவது சி.ஏ.ஏ.எம்., அங்கீகரித்த மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். கண், நிறப் பார்வை, காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறிய முடியாவிட்டால் சிக்கல் வரலாம். மொத்தச் செலவில் இது மிகச் சிறிய தொகை. இதில் தேறாவிட்டால், பெரிய தொகை வீணாகாமல் தப்பிக்கிறது.

எஸ்.பி.எம்.-இல் ஆங்கிலம், கணிதம், அறிவியல் பாடங்களில் கிரெடிட் இருக்கிறதா என்று பெரும்பாலான பள்ளிகள் பார்க்கும். ரேடியோவில் பேச, அனைத்துலக அளவுகோலில் குறைந்தது 4-ஆம் நிலை ஆங்கிலத் தேர்ச்சியும் வேண்டும்.

சி.பி.எல். என்றால் என்ன?

சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அனுமதிக்கும் லைசன்ஸ். குறைந்தபட்ச வயது 18. அனைத்துலக விதிப்படி 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியில் படித்தால் 150 மணி நேரம். இதோடு ஐ.ஆர். எனும் தகுதியும் தேவை. மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாதபோது, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான அனுமதி அது.

நமக்குப் பக்கத்தில் மலாக்கா, பத்து பெரண்டாமில் பயிற்சிப் பள்ளி உண்டு, லங்காவியிலும் உண்டு. பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். செலவு பள்ளிக்குப் பள்ளி மாறும். 300,000 ரிங்கிட்டையும் தாண்டலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

லைசன்ஸ் கிடைத்ததும் வேலையா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். உங்கள் 200 மணி நேரமும் பெரும்பாலும் சின்னப் பயிற்சி விமானத்தில் பறந்தது. ஏ.டி.ஆர். ஓட்ட அந்த ரகத்துக்கென்றே 'டைப் ரேட்டிங்' எடுக்க வேண்டும்: வகுப்பு, சிமுலேட்டர், பிறகு பயிற்சி கேப்டனோடு பயணிகள் விமானத்தில் பறத்தல். சில நேரம் நிறுவனம் இந்தச் செலவை ஏற்று, பதிலுக்குச் சில ஆண்டுகள் வேலை செய்ய ஒப்பந்தம் போடும். சில நேரம் நீங்களே கட்ட வேண்டிவரும்.

ஆள் எடுப்பதும் ஏறி இறங்கும். 2015-இல் மலேசியா ஏர்லைன்ஸ் சீரமைப்பில் சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். கோவிட் காலத்தில் அனுபவமுள்ள விமானிகளே வீட்டில் இருந்தார்கள். மறுபடி ஆள் எடுக்கும்போது புதியவர்கள் அவர்களோடுதான் போட்டி போட வேண்டும். காத்திருக்கும் நாளில் லைசன்ஸ் சும்மா இருக்காது, ஐ.ஆர். தகுதியை ஆண்டுதோறும் பறந்து காட்டிப் புதுப்பிக்கணும், மருத்துவமும் எடுக்கணும். அதற்கும் பணம் வேண்டும். லோன் தவணையும் நிற்காது.

நிறுவனங்கள் அவ்வப்போது அறிவிக்கும் 'கேடட் பைலட்' திட்டத்தில் இடம் கிடைத்தால் இந்த ஆபத்து குறையும். தேர்வு கடினம்தான், ஆனாலும் தவறாமல் விண்ணப்பியுங்கள்.

முதல் வேலை எப்படி இருக்கும்?

வலப்பக்க இருக்கையில், ஃபர்ஸ்ட் ஆபீசர். சுபாங்–பினாங்கு, சுபாங்–கோத்தா பாரு போன்ற குறுகிய பயணங்களில் ஒரே நாளில் பல முறை ஏறி இறங்குவீர்கள். சாயங்கால இடி மழையில் தரையிறங்கிப் பழகுவீர்கள். பெரிய ஜெட்டில் நீண்ட தூரம் போகிறவருக்கு இத்தனை தரையிறக்கம் கிடைக்காது. வட்டார நிறுவனத்தை நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்வது இதனால்தான். 21 வயதும் 1,500 மணி நேரமும் முடிந்து, மற்ற தகுதிகளும் இருந்தால் ஏ.டி.பி.எல். எடுக்கலாம். கேப்டன் ஆக அந்த லைசன்ஸ் தேவை.

பணம் கட்டும் முன் பள்ளியிடம் கேளுங்கள்

• சி.ஏ.ஏ.எம். அங்கீகாரம் இன்றைக்கும் செல்லுபடியாகுமா?
• எத்தனை விமானம் இப்போது பறக்கும் நிலையில் இருக்கிறது? எத்தனை மாணவர்கள்?
• போன ஆண்டு முடித்தவர்களுக்கு உண்மையில் எத்தனை மாதம் ஆனது?
• கூடுதல் மணி நேரம் பறந்தால், தேர்வில் தவறினால், யார் கட்டுவது?
• இடையில் நின்றால், அல்லது பள்ளி மூடப்பட்டால், பணம் திரும்ப வருமா?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டச் சொன்னால் அவசரப்படாதீங்க. கட்டம் கட்டமாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

வீட்டை அடகு வைத்தோ, அப்பா அம்மாவை ஜாமீன் போட்டோ கடன் எடுப்பதாக இருந்தால், லைசன்ஸ் வந்த பிறகு இரண்டு ஆண்டு வேலை இல்லாமலும் தவணை கட்ட முடியுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் கனவை விட வேண்டியதில்லை. முதலில் டிப்ளோமாவோ பட்டமோ படித்து வேலைக்குப் போய், சேமித்துக்கொண்டே கேடட் அழைப்புக்குக் காத்திருக்கலாம். அனைத்துலக விதிப்படி 65 வயது வரை பயணிகள் விமானம் ஓட்டலாம். 25 வயதில் தொடங்கினாலும் முன்னால் 40 ஆண்டுகள் இருக்கின்றன.