கணினி உண்ணும் மின்சாரம்

கடுகண்ணாவைக் கணவாயின் வரலாறு எரிபொருளின் வரலாறுமாகும். 1867ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியபோது, றம்புக்கணையிலிருந்து மேலேறும் செங்குத்தான பாதையை நிலக்கரியின் வலிமைகொண்டே வென்றனர். அந்நிலக்கரி இந்நாட்டில் கிடைப்பதன்று; கப்பலேறி வந்தது. ஆயினும், ஓடாமல் நின்ற இரவு வேளைகளிலும் நீராவி எஞ்சினின் உலையில் கனலைக் காத்து வைப்பது வழக்கம். குளிர்ந்துபோன எஞ்சினில் மீண்டும் நீராவி திரளப் பல மணி நேரம் பிடிக்குமாதலால், அச்செலவு தவிர்க்க இயலாததாயிருந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட புகையிரத அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இச்செய்தியையும் சொல்லலாம். ஏனெனில், அந்த உலைக்கனல் இன்று நம் வீடுகளில் வேறு வடிவில் எரிகிறது. வேலை முடிந்த பின்னும் அணையாத கணினியையே குறிப்பிடுகிறோம். எஞ்சினுக்கு இருந்த நியாயம் இதற்கு இல்லை. உறக்கநிலையிலிருந்து கணினி சில நொடிகளில் எழுந்துவிடும்.

அணையாத கணினி யாருடைய செலவில் எரிகிறது? இக்கேள்விக்கு விடை காண நம் மலைகளின் வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும்.

இலங்கையின் நீர்மின்வளத்தை முன்னுணர்ந்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. லக்சபானத் திட்டத்தின் பயனை அவர் 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றுபோய், 1950ஆம் ஆண்டில்தான் பயன் தந்தது. பின்னர் மகாவலியின் முறை வந்தது. 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் ஆறு திருப்பப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் விக்டோரியாவும் கொத்மலையும் எழுந்தன; முன்னது 210 மெகாவாட், பின்னது 201 மெகாவாட். இந்த எண்கள் நூல்களில் உள்ளன. ஆனால் பழைய தெல்தெனிய நகரம் நீருள் மூழ்கியதும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பரம்பரை வயல்களை விட்டுப் பெயர்ந்ததும் அந்த எண்களுள் அடங்குவனவா? வறட்சியில் கொத்மலை நீர் தாழும்போது, மூழ்கிய கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளிப்பட்டு அக்கதையை நினைவூட்டுகின்றன. தோட்டத் தொழிலாளரின் நிலையோ இன்னும் கொடியது. மின்கம்பிகள் தேயிலை மலைகளின் மேலாகவே நகரங்களுக்குச் சென்றன. கீழே லயக் காம்பராக்கள் பலவற்றில் மேலும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

ஆற்றுநீர் குறைவற்ற செல்வமன்று. 1996ஆம் ஆண்டு வறட்சியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை நாடு இருளில் கிடந்தது. அதன்பின் எண்ணெயும் நிலக்கரியும் மின்சாரத்தின் பெரும் பங்கை ஏற்றன. அவற்றை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். அது வற்றிய 2022ஆம் ஆண்டில், மார்ச் மாத இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்த்தப்பட்டது. மாதம் 30 அலகுக்கும் குறைவாகப் பாவிக்கும் மிக ஏழைக் குடும்பத்தின் கட்டணமோ 54 ரூபாவிலிருந்து 198 ரூபாவாயிற்று. நெருக்கடியின் சுமை யார் தோளில் அதிகமாக இறங்கியது என்பதை இவ்விரு எண்களே சொல்லும்.

இந்த 30 அலகைக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். திரையும் பெட்டியும் சேர்ந்து வேலையின்றி நிற்கையில் 80 வாட் உறிஞ்சும் ஒரு மேசைக் கணினி, நாள்தோறும் இரவில் 12 மணி நேரம் அணைக்கப்படாமல் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு ஓர் அலகு அளவு. மாதத்துக்கு ஏறத்தாழ 29 அலகு. ஓர் ஏழைக் குடும்பம் விளக்குக்கும் வானொலிக்கும் மாதம் முழுதும் செலவிடும் மின்சாரத்தை, யாரும் பாராத திரையொன்று தின்றுவிடுகிறது. அதே கணினியை உறக்கநிலையில் வைத்தால் 2 அல்லது 3 வாட் போதும். மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அலகே செலவாகும்.

'சிக்கனத்தை மக்களுக்கு உபதேசிப்பது எளிது. இயந்திரங்களைச் செய்து விற்கும் முதலாளிக்கு யார் உபதேசிப்பது?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இதற்கும் வரலாறு விடை தருகிறது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 'எனர்ஜி ஸ்டார்' முத்திரையை வகுத்தது. வேலையற்ற வேளையில் கணினி தானாக 30 வாட் அளவுக்குத் தாழ வேண்டும் என்பது அன்றைய விதி. முத்திரை பெறுவது கம்பனிகளின் விருப்பத்துக்கே விடப்பட்டது. ஆனால் 1993இல் மத்திய அரசின் திணைக்களங்கள் அம்முத்திரையுள்ள கணினிகளையே வாங்க வேண்டும் என ஆணை பிறந்ததும், கம்பனிகள் விரைந்து இணங்கின. பொதுப்பணத்தால் வாங்குவோர் விதித்த நிபந்தனை சந்தையின் போக்கையே மாற்றியது. நம் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் திணைக்களங்களும் கணினி வாங்கும்போது இதே நிபந்தனையை விதித்தால் என்ன?

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. சில நிமிடம் தொடாதிருந்தால் திரை அணையவும், பின்னர் கணினி உறங்கவும் அமைப்பை மாற்றிவிடலாம். திரையில் ஓடும் படங்கள் மின்சாரத்தைச் சேமிப்பதாக எண்ணுவது தவறு. பழைய குழாய்த் திரைகளில் உருவம் தழும்பாகப் பதியாமற் காக்கவே அவை தோன்றின. புதிதாக வாங்குவோர்க்கு மடிக்கணினியே மிகச் சிக்கனமானது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் நிற்பதால், அவ்வேளையில் அதனை முன்னரே ஏற்றிய மின்கலத்தில் இயக்குவதும் பயன் தரும்.

மிச்சமாகும் அலகு தானாக லயத்தை நோக்கிச் செல்லாது என்பதை நாம் அறிவோம். குறையும் எண்ணெய்ச் செலவு ஏழையின் கட்டணத்தில் குறைவாகத் தெரிய வேண்டுமானால், அதற்கு நியாயமான கட்டணக் கொள்கை வேண்டும்; அதனைக் கேட்டுப் பெறும் மக்கள் குரலும் வேண்டும். அக்குரலை எழுப்புவோர் தம் வீட்டில் வீணே எரியும் திரையை முதலில் அணைப்பாராக.