அசையும் சித்திரங்களின் ஆசிரியர்கள்

பாண்டி நாட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்று திருக்கோஷ்டியூர். அங்குள்ள அஷ்டாங்க விமானத்தில் ஏறுவோர் ஒரு புதுமையைக் காண்பர். கீழ்த்தளத்தில் கண்ணன் நடனம் ஆடுகிறான். அதற்கு மேல் சௌமியநாராயணன் பள்ளிகொண்டிருக்கிறான். அடுத்த தளத்தில் நின்ற கோலம். அதற்கும் மேலே வீற்றிருந்த கோலம். திருமேனிகள் அசைவதில்லை. ஆயினும் படியேறிச் செல்லும் நம் மனம், ஒரு கோலத்துக்கும் மறு கோலத்துக்கும் இடையிலுள்ள அசைவைத் தானே நிரப்பிக்கொள்கிறது. கார்ட்டூன் படம் என்னும் கலையை விளக்க, இந்தச் சீமையைச் சேர்ந்த எனக்கு இதைவிட நல்ல உவமை தோன்றவில்லை.

காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஏ. வி. மெய்யப்பன் அமைத்த கலைக்கூடத்தில் உருவாகி, 1947ஆம் ஆண்டில் வெளிவந்த படம் ‘நாம் இருவர்’. அங்கே நடிகர்கள் நடித்தார்கள்; காமிரா பதிவு செய்தது. கார்ட்டூன் படத்திலோ ஓவியனே நடிகன். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பத்து நிமிடப் படத்துக்கு 14,400 படங்கள் வேண்டும். ஒரே சித்திரத்தை இருமுறை படம் பிடித்தாலும் 7,200 சித்திரங்கள் தேவை. முதன்மை ஓவியர் முக்கியமான நிலைகளை வரைவார். இடைப்பட்ட நிலைகளை உதவியாளர் வரைவர். பின்னர் அவற்றைச் செல்லுலாய்டு தாளில் பெயர்த்து வண்ணம் தீட்டுவர். கணிப்பொறி வருமுன் இவ்வளவும் கைவேலையாகவே நடந்தன. அக்கைகளுக்கு உரியவர் பலரின் பெயரை நாம் அறியோம்.

நம் நாட்டில் இம்முயற்சிக்கு வித்திட்டவர் தாதாசாகேப் பால்கே. தீக்குச்சிகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 1915இல் அவர் ஒரு படம் எடுத்தார். அது இன்று நமக்குக் கிட்டவில்லை. அவருக்குப் பின்னும் ஆங்காங்கே சிலர் முயன்றனர். ஆனால் ஒருவர் கற்றதை அடுத்தவர் தொடர நிலையான கூடம் இல்லாமையால், அம்முயற்சிகள் தனித்தனித் தீப்பொறிகளாகவே அணைந்தன.

அக்குறை 1956இல் நீங்கிற்று. மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் பம்பாயில் கார்ட்டூன் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. பயிற்சி அளிக்க வந்தவர் கிளேர் வீக்ஸ். பாதிரியார் குடும்பத்தில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த அமெரிக்கர் அவர். டிஸ்னி கலைக்கூடத்தில் ‘பாம்பி’ முதலிய படங்களில் பணிபுரிந்தவர். பயிற்சியின் பயனாக 1957இல் ‘தி பேனியன் டீர்’ என்னும் படம் உருவாயிற்று. கருவுற்ற பெண்மானுக்காகத் தன்னுயிரைத் தர முன்வரும் மான் அரசனின் புத்த ஜாதகக் கதை அது. அமெரிக்காவிலிருந்து வந்த தொழில்முறை, அஜந்தாவின் சாயலில் நம் நாட்டுக் கதையைச் சொல்லிற்று.

1956இலேயே அப்பிரிவில் சேர்ந்தவர் ராம் மோகன். 1931இல் பிறந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்ற பட்டதாரி. பட்டத்துக்கு ஏற்ற உத்தியோகத்தை விட்டுத் தூரிகையை ஏந்துவது அந்நாளில் துணிச்சலான செயலே. 1968இல் பிரசாத் நிறுவனத்தின் அசைவுச் சித்திரப் பிரிவுக்குத் தலைவரானார். 1972இல் சொந்தக் கூடம் நிறுவினார். சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ படத்தில் வரும் அசைவுச் சித்திரங்கள் அவர் பங்களிப்பு. ஜப்பானியரான யூகோ சாகோ, கோயிச்சி சசாகி ஆகியோருடன் அவர் இயக்கிய இராமாயணப் படம் 1992இல் நிறைவுற்றது. 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2019இல் மறைந்தார்.

அவர் உருவாக்கிய பாத்திரங்களுள் என் மனத்தில் நிலைத்தவள் மீனா. 1990களில் யுனிசெப் நிறுவனத்துக்காக அவர் படைத்த சிறுமி அவள். தம்பி பள்ளிக்குப் போவான். மீனாவோ வீட்டு வேலை செய்வாள். அவளுடைய கிளி பள்ளிக்குப் பறந்து சென்று, பாடத்தைக் கேட்டு வந்து, அவளுக்கு எண்ணக் கற்பிக்கும். கற்ற கணக்கால் கோழிகளை எண்ணிப் பார்த்த மீனா, ஒன்று குறைவதைக் கண்டு திருடனைப் பிடித்துக் கொடுப்பாள். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட பெற்றோருக்கு இச்சிறு படம் தந்த விடை, நீண்ட பிரசங்கத்தினும் வலியது.

திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து மந்திரப் பொருளைப் பெற்ற இராமானுசர், கோயிலின் உயரத்தில் நின்று அதை எல்லார்க்கும் அளித்தார் என்று குருபரம்பரை கூறும். சமயத்துக்கு மட்டுமன்று, தொழிலுக்கும் அவ்வழி பொருந்தும். பால்கேயின் தீக்குச்சிகள் அவரோடு நின்றன. வீக்ஸ் கற்பித்தது ராம் மோகன் வழியே இளைய ஓவியர் பலரை அடைந்தது.

மாணவ நண்பர்களே, பிலிம்ஸ் டிவிஷன் இன்று தனி நிறுவனமாக இல்லை. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்துவிட்டது. செல்லுலாய்டு தாள்களும் வழக்கொழிந்தன. ஆனால் இரு நிலைகளுக்கு இடைப்பட்ட அசைவை எண்ணிப் பார்க்கும் மனிதனின் பொறுமை இன்றும் வேண்டியதாகவே இருக்கிறது. அடுத்த முறை ஒரு கார்ட்டூன் படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். இறுதியில் ஓடும் பெயர்களைச் சற்று நின்று படியுங்கள்.